நான் வெட்டிய கப்பல் சத்தம்

“...அதெல்லாம் சரி கிளார்க் சார், கப்பல் ஊதினதை எங்கே காணோம்?” என்றார் பாய், என் மேஜையில் கையூன்றி.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் ஒரு பண்டகசாலையின் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். தீவுகளில் இருந்த எங்கள் கடைகளுக்கு, சாதாரண வாடிக்கையாளர்போல ஒருவரை அனுப்பி, கடைக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ரகசியமாகப் பார்த்து வரச் சொல்வார்கள். அந்த ஆள் பாய்தான். ராமநாதபுரத்துப் பக்கம். தீவு தீவாகத் துணி விற்பவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் தமிழில் எழுதித் தருவதை ஒரு பக்க இங்கிலீஷ் ரிப்போர்ட்டாகச் சுருக்குவது என் பாடு.

பாடு என்றால் பெரும்பாடு. அரிசி எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, “மழை விட்டு மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது” என்று தொடங்குவார். எடை சரியா என்றால், “தராசு முள் நிற்கும்வரை கடைக்காரரும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை” என்பார். விளக்கம் கேட்கலாமென்றால் ஆள் ஏதோ ஒரு தீவில் இருப்பார். பென்சிலை எடுத்து வெட்டுவேன். சில வரிகளில் மயங்கி, ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவதும் உண்டு. பிறகு நினைவு வந்து, அதையும் வெட்டுவேன்.

லாங் ஐலண்ட் தீவுக் கடையைப் பற்றிய ரிப்போர்ட் ஆறு பக்கம். அதில் எனக்குத் தேறியது ஒரே விஷயம்: வேலை நேரத்தில் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காணாமல் போனார். மேனேஜர் அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு போட்டுவிட்டார். அது தபால் பையில் கப்பலுக்குப் போன அன்றுதான் பாய் வந்து, “நம்ம ரிப்போர்ட்டைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க” என்றார். வாசித்து முடித்ததும்தான், கப்பல் ஊதினதை எங்கே காணோம் என்று கேட்டார்.

“கப்பல் ஊதினா என்ன பாய்?”

“அரே, என்னவா? ஊதினா அந்தத் தீவே கப்பல் அணையுற ஜெட்டிக்கு ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போற சீக்காளியைத் தூக்கி ஏத்தணும்ல? அன்னைக்கு ஒரு புள்ளத்தாச்சி வலியில துடிக்குது. கை வச்ச நாற்காலி அவரு கடையிலதான் இருந்துச்சு. அதுல வச்சுத் தூக்கினோம். ஒரு பக்கம் அவரு, மறுபக்கம் நான். எழுதியிருக்கேனே!”

ஃபைலைப் பிரித்தேன். நாலாம் பக்கம். “கப்பல் ஊதியது. நாற்காலி எங்கள் தோளில் தோணி மாதிரி ஆடி ஆடிப் போனது.” மேலே என் பென்சில் கோடு. அந்தத் தோணியில் நானும் கொஞ்ச நேரம் மிதந்தது ஞாபகம் வந்தது. பாயின் கற்பனை என்று நினைத்துக் கோடு போட்டிருக்கிறேன்!

மேனேஜரிடம் போய் என் தவறைச் சொன்னேன். ஹிந்தியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். உத்தரவை ரத்து செய்து ஒரு கடிதம் கொடுத்தார். ஆனால் தபால் பைக்கு சீல் வைத்தாகிவிட்டது. அடுத்த கப்பல் போவதற்குள் அந்த மனிதர் கடையோடு சேர்ந்த வீட்டைக் குடும்பத்தோடு காலி செய்திருப்பார்.

“குடுங்க இப்படி. இதே கப்பல்ல நான் போறேன்” என்றார் பாய்.

“நீங்க குடுத்தா வேவு பார்த்தது நீங்கதான்னு தெரிஞ்சுபோகுமே. அப்புறம் இந்த வேலை?”

“தெரியட்டும். பொய்யா சொன்னேன், முகத்தை மறைக்க? கடுதாசியைக் குடுங்க, ஜல்தி!”

ஜெட்டிக்கு ஓடினோம். ஏணியைத் தூக்கப் போகிற நேரத்தில் பாய் ஏறிவிட்டார். அவருடைய துணி மூட்டை என் மேஜையிலேயே கிடந்தது.

இன்றும் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் நான் குறுக்கிடுவதில்லை. எனக்கு வேண்டாத பேச்சில் யாருடைய பிழைப்பு இருக்கிறதோ, யார் கண்டது? அப்போதெல்லாம் அந்த மத்தியான வெயில்தான் கண்முன் வருகிறது. கப்பல் நீளமாக ஊதியது. மேல்தட்டில் நின்ற பாய் என்னைப் பார்த்துச் சிரித்து, தன் காதைத் தொட்டுக் காட்டினார்.