முன்னாள் பிரதமருக்குப் போர்த்திய பொன்னாடை

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பதினொன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும்தான். ஆனால் ஒரு நாட்டையே ஆண்டவரைப் பார்த்து நான் வயிறெரிந்த கதையை வேறு எவனாவது எழுதினால், அதற்கும் சேர்த்து எரியும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறார்கள். அங்கே நான் கார் ஓட்டுகிறேன். என்னோடு படித்த நண்பன் அதே ஓட்டலில் கைடு. இருவரும் ஒரே தெரு, ஒரே கட்சி. கொடி கட்டியது, தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் ஒன்றாகத்தான். ஆனால் எங்கள் வார்டுக்கு வேட்பாளர் என்று அவனைத்தான் அறிவித்தார்கள். அவனுக்கு இங்கிலீஷ் வருமாம். சாக்கடை என்ன இங்கிலீஷிலா அடைத்துக்கொள்கிறது?

அதோடு விட்டானா? வேட்புமனுவில் அவனை முன்மொழிய அதே வார்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். “நீதாண்டா போடணும்” என்று என்னிடமே வந்து நின்றான். பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த விருந்தாளி வந்தார். ஐரோப்பாவில் ஒரு குட்டி நாட்டின் முன்னாள் பிரதமர். போலீஸ் வண்டிகள் வரும் என்று வாசலில் காத்திருந்தேன். வெயிலில் மூக்கு சிவந்த ஒரு மனிதர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

குன்றக்குடி மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் நண்பனை வைத்து அவரைத் துருவினேன்.

“அவுக அப்பா எந்தக் கட்சின்னு கேளுடா.”

“அப்பா ரொட்டிக்கடை வச்சிருந்தாகளாம்.”

“அப்ப மாமா?”

“மாமாவே கிடையாதாம்.”

“பொய் சொல்றாக. மாமா இல்லாம எவன்டா சீட்டு குடுப்பான்?”

அவர் முதலில் ஊர் கவுன்சிலராம், பிறகு மேயர், மந்திரி, நாற்பது வயதாகும் முன்பே பிரதமர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கோபத்தையெல்லாம் கியர்தான் வாங்கிக்கொண்டது.

அவருக்கென்று நான் ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தேன். மரியாதைக்கு இல்லை. நான் பிரதமருக்குப் போர்த்துகிற படம் மாவட்டச் செயலாளரின் போனுக்குப் போனால், தப்பான ஆளுக்கு சீட்டு கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு உறைக்குமே! மலையடிவாரத்தில் நண்பன் கையில் என் போனைக் கொடுத்துவிட்டுப் போர்த்தினேன். அவர் கும்பிட்டார். நண்பனிடம் ஏதோ கேட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொன்னான். அவன் இன்னும் படமே எடுக்கவில்லை. அதற்குள் மனிதர் பொன்னாடையைக் கழற்றி அவன் தோளில் போர்த்திவிட்டார்.

“என்னடா சொன்ன அவுகட்ட?”

“அரசியல்ல இருக்கியான்னு கேட்டாக. வார்டுக்கு நிக்கிறேன்னு சொன்னேன்.”

“கழட்டுடா.”

“பிரதமர் போர்த்துனதுடா, எப்புடிக் கழட்ட?”

“கையெழுத்துக்கு வேற ஆளப் பாத்துக்க.”

திரும்பும்போது காரில் பேச்சே இல்லை. என்ன ஆயிற்று என்று விருந்தாளி கேட்டிருப்பார் போல. நண்பன் சொன்னான். அவர் நெடுநேரம் என்னவோ பேசினார். நண்பன் மொழிபெயர்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சொல்லுடா.”

“இவுகளப் பதவியில இருந்து எறக்குனதே இவுக கூட்டாளிதானாம். ஒண்ணாக் கட்சிக்கு வந்தவுக. இப்ப அந்தாளுதான் பிரதமர்.”

“அப்புறம்?”

“இன்னும் பேசலையாம்.”

அவர் போனை எடுத்து அந்தக் கூட்டாளியின் படத்தைக் காட்டினார். இரண்டு விரலால் இழுத்துத் தலையைப் பெரிதாக்கினார்.

“முடி கொட்டுதுன்னு காட்டுறாக” என்றான் நண்பன்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நம்ம ரகப் பொறாமை! ஆனால் ஓட்டல் வந்து நான் கதவைத் திறந்த பிறகும் அவர் அந்த வழுக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டாளியின் முகத்தில் முழிக்காமலிருக்க அவர் இத்தனை கடல் தாண்டி வந்து கிடக்கிறார். நான் எங்கே போவேன்? மிஞ்சிப்போனால் பக்கத்து ஊர் புதுவயல் வரைக்கும் போகலாம். சாயங்காலமே அங்கும் நண்பன் வந்து டீ சொல்வான்.

ஓட்டலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அவனுக்கு மெசேஜ் போட்டேன். “கையெழுத்து போடுறேன். ஆனா வயித்தெரிச்சல் அப்புடியேதான் இருக்கு. போஸ்டர்ல என் படம் ஒன் படத்தவிடப் பெருசா இருக்கணும்.”

உடனே பதில் வந்தது: “நான் கேட்டது ஒன் கையெழுத்தடா, ஒன் மூஞ்சிய இல்ல.”