ருக்மிணி மாற்றிய இரண்டு கிளட்ச்

ருக்மிணிக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கல்யாணமாகி 1991இல் டெக்சஸ் வந்தவள், இர்விங்கில் ஒரு டெலிபோன் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலையில் சேர்ந்தாள். கணவன் நஞ்சுண்டனும் சாஃப்ட்வேர்தான். ஒரே மகள் வெண்பா. மூவரும் போய்வர ஒரு வேன் இருந்தது. அது போதும் என்றுதான் நஞ்சுண்டன் நினைத்திருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, கராஜில் கிடந்த தன் 1970 மாடல் செவெல் காரை விற்றார். ருக்மிணி வாங்கிக்கொண்டாள். தேய்ந்துபோன என்ஜினைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிய எட்டு சிலிண்டர் வி-எயிட் ஒன்றைப் போட்டாள். ஐந்நூறு குதிரைத்திறன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் டல்லாஸுக்குத் தெற்கே இருந்த பந்தயத் தடத்துக்குப் போய்க் கால் மைல் நேர்ப்பந்தயம் ஓட்டிவிட்டு வருவாள். மற்றபடி அந்தக் கார் காய்கறி வாங்கவும் கோயிலுக்கும் போய்வரும். தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே "ருக்மிணி ஆன்ட்டி வந்தாச்சு" என்பார்கள்.

1998 கோடையில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் அலறியது, வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை. உள்ளே கருகல் வாசனை. பழைய என்ஜினுக்கு அளவாகச் செய்த கிளட்ச், புதிய என்ஜினின் பலத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் தேய்ந்துகொண்டிருந்தது.

கிராண்ட் ப்ரெய்ரியில் கராஜ் வைத்திருந்த ராண்டி, நாலைந்து கம்பெனி கேட்டலாக்குகளை அவள் முன்னால் போட்டார். தெருவுக்கா, தடத்துக்கா என்று கேட்டார். ருக்மிணி யோசிக்காமல் தடத்துக்கு என்றாள். அவள் ஆபீஸ் வேலையே அப்படி. வருஷத்தில் என்றைக்கோ ஒருநாள் வரும் உச்ச சுமையைத் தாங்கும்படி சர்வரைத் திட்டமிட வேண்டும். மற்ற நாட்கள் தானாக ஓடிவிடும். அதே கணக்கில் இருப்பதிலேயே பலமானதைத் தேர்ந்தெடுத்தாள். தட்டில் வட்டமாக ஆறு செராமிக் துண்டுகள், அதை அழுத்த முரட்டு ஸ்ப்ரிங்.

தடத்தில் அது அற்புதமாக வேலை செய்தது. துளி வழுக்கல் இல்லை. தெருவில்தான் சிக்கல். மெதுவாகப் பிடிப்பது என்ற பேச்சே அந்தக் கிளட்சுக்குக் கிடையாது. விட்டால் விடும், பிடித்தால் வண்டியையே தூக்கிப் போடும். பெடலை மிதித்து மிதித்து இடது தொடை நடுங்கியது. பழகிவிடும் என்று நினைத்து அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு மதியம், வீட்டிலிருந்த நஞ்சுண்டன் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வியர்வை. அவனுக்கு முன்பே ஒருமுறை சிறுநீரகக் கல் வந்திருந்ததால் இருவருக்கும் விஷயம் புரிந்தது. வேன் டயர் மாற்றக் கடையில் நின்றது. இருந்தது செவெல் மட்டும்.

வெளியே மழை. ஹைவே 183இல் ஏதோ விபத்து, கார்கள் ஊர்ந்தன. ஓரடி நகர்ந்து நிற்க வேண்டும், மறுபடி ஓரடி. ஒவ்வொரு முறையும் கார் குதித்தது. குதிக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து முனகல் வந்தது.

"அம்மிணி, நீ கியர் போடறயா, கல்ல ஒடைக்கறயா?" என்றான் நஞ்சுண்டன், பல்லைக் கடித்தபடி.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. அடுத்த எக்ஸிட்தான்."

"இதையா நீ டெய்லி டிரைவ் பண்ற?"

அவள் அவனுக்கு வலிக்கக் கூடாது என்று பெடலைப் பாதியிலேயே பிடித்து வைத்து, தன்னால் முடிந்தவரை மெல்ல விட்டுப் பார்த்தாள். கார் இன்னும் மோசமாகத் துள்ளியது. மருத்துவமனை வாசலில் இறங்கியபோது அவளாலும் காலை ஊன்ற முடியவில்லை. சக்கர நாற்காலி கொண்டுவந்த நர்ஸ், யாருக்கு உடம்பு சரியில்லை என்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

கல் இரண்டு நாளில் தானே வெளியேறியது. வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்திருந்த நஞ்சுண்டன், ராண்டி கொடுத்த கேட்டலாக்கை எடுத்துப் புரட்டினான். காரைப் பற்றி அவன் இத்தனை வருஷத்தில் எதுவும் கேட்டதில்லை.

"ரேஸுக்கு மாசத்துல ஒரு நாள் போற. மிச்ச நாளெல்லாம் எங்க ஓட்டற?"

"ஊருக்குள்ளதானுங்க."

"அப்ப எதுக்கு இத போட்ட?"

"பவர் தாங்கோணும்ல? சாதாரண கிளட்ச் போட்டா மறுபடியும் ஸ்லிப் ஆகும்."

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லியா?"

இருந்தது. ஒரு பக்கம் சாதாரண கிளட்சில் வருகிற மெத்தென்ற லைனிங், மறுபக்கம் கார்பன் கலந்த கெட்டியான துண்டுகள். விளம்பரத்தில் அது தாங்குவதாகப் போட்டிருந்த முறுக்குவிசை, அவள் என்ஜின் தருவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். போன தடவை அதனால்தான் அவள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கம் போயிருந்தாள். இந்தத் தடவை ராண்டியின் கராஜில் அந்தக் கிளட்சைப் போட்டிருந்த வேறொரு காரில் ஏறி, மூன்று சிக்னல் தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுத்தாள்.

புதிய கிளட்ச் படியும்வரை, ஐந்நூறு மைலுக்கு முரட்டுத்தனமாக மிதிக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த மைல்களை ஓட்டித் தீர்க்க வார இறுதிகளில் மூவரும் கிளம்பினார்கள். வேக்கோ, டைலர், ஒன்றுமே இல்லாத சின்னச் சின்ன ஊர்கள். வெண்பா பின்சீட்டில் புத்தகம் படித்தாள். ஒருநாள் காலியான ஸ்கூல் பார்க்கிங்கில் நஞ்சுண்டன் சாவியைக் கேட்டான். அவன் கியர் வண்டி ஓட்டியதே இல்லை. வண்டி நின்று நின்று போனது.

"டாட், ப்ளீஸ் ஸ்டாப்," என்றாள் வெண்பா.

"சும்மா இரு கண்ணு, அப்பா கத்துக்கட்டும்," என்றாள் ருக்மிணி. பிறகு அவனிடம், "பாதி தூரத்துல பிடிக்குது பாருங்க, அங்க ஒரு நொடி நிறுத்துங்க."

கார் குலுங்காமல் நகர்ந்து போனது. நஞ்சுண்டன் பார்க்கிங்கை இன்னொரு சுற்று வந்தான்.

நவம்பரில் ருக்மிணி தடத்துக்குப் போனாள். கிளட்ச் வழுக்கவில்லை. ஆனால் புறப்பாட்டில் கொஞ்சம் நிதானம் வேண்டியிருந்ததால் கால் மைல் நேரம் முன்னைவிடக் கூடியிருந்தது. அது அவளை இரண்டு மூன்று நாள் உறுத்தத்தான் செய்தது.

2001இல் அவள் கம்பெனி பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியது. அவளும் அதில் ஒருத்தி. ஒரு வண்டி போதும் என்று பேசியபோது, வேனை விற்கலாம் என்று நஞ்சுண்டன்தான் முதலில் சொன்னான். காலை நெரிசலில் ஊர்ந்துகொண்டு பிளேனோவுக்கும் ரிச்சர்ட்சனுக்கும் ருக்மிணி இன்டர்வியூவுக்குப் போனதெல்லாம் செவெலில்தான். பிளேனோவில் வேலை கிடைத்தது. முதல் நாள் பார்க்கிங்கில் இறங்கியபோது, புது மேனேஜர் காரைச் சுற்றி வந்து கதவைத் திறந்து, கிளட்ச் பெடலைத் தன் காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்து, இத்தனை பெரிய என்ஜினுக்கு இவ்வளவு லேசா என்றார்.