அலுமாரிக்கு ஊசி போட்டோம்

இடுப்பளவு உயரமான எங்கள் சீதன அலுமாரியின் மேற்பலகையில் ஒரு கொப்புளம். மழை ஒழுகி, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தேக்குத் தகடு உப்பிவிட்டது. நகத்தால் தட்டினால் அங்கே மட்டும் அப்பளத்தைத் தட்டிய சத்தம். காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தேன்.

நாளைக் காலை லாஞ்ச் படகில் மூதூரிலிருந்து மாமனார் வருகிறார். அலுமாரியைச் செய்வித்துத் தந்தவர். வந்ததும் அதைத்தான் தடவிப் பார்ப்பார்.

பிளேடால் சின்னக் கீறல் போட்டு, உள்ளே பசை விட்டு அமத்தச் சொன்னார் பசை விற்ற கடைக்காரர். அவ்வளவு சின்னக் கீறலுக்குள் பசையை எப்படி விடுவது?

"ஊசியால விடுவம்" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது தாதி. பழைய ஊசியொன்றோடு வந்தார்.

"தள்ளி நில்லுங்கோ தம்பி. வெளிச்சத்தை மறைக்கிறியள்."

ஒரு துளி சிந்தவில்லை. துணியை விரித்து, மேலே அம்மிக் குழவியை வைத்தோம்.

மாலையில் எடுத்துப் பார்த்தால் கொப்புளம் இல்லை. அந்த இடத்தில் பொலிஷும் இல்லை. வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது.

"அக்கா, ஊசி போட முந்தி என்ன செய்தனீங்கள்?"

"வழக்கமாச் செய்யிறதுதான். பஞ்சில ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சனான்."

தச்சர்கள் அந்தப் பொலிஷைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான்.

அக்கா குனிந்து வட்டத்தை நெடுநேரம் பார்த்தார். "மனுசருக்கு இப்பிடி ஒருநாளும் வந்ததில்லை" என்றார்.

இப்போது வட்டத்தின் மேல் ரேடியோ இருக்கிறது. மாமனாரோ ரேடியோவை மடியில் வைத்துத்தான் செய்தி கேட்பார். நாளைக்கு ரேடியோ பழுது என்று சொல்லவா? வேறு யோசனை இருந்தால் லாஞ்ச் வருவதற்குள் சொல்லுங்கள்.