டைக்கு வைத்த பொட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சில் வந்த எதுவும் தப்பாக இருக்காது என்ற நம்பிக்கை எனக்கு அதிகம். ரைஸ் குக்கர் வாங்கினால்கூட அதன் கையேட்டை முழுக்கப் படித்த பிறகுதான் அரிசி களைவேன்.

ஹூஸ்டனில் வீடு வாங்கிய வருடம் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். காகிதத்தைத் தவிர வேறெதையும் நான் சுட்டதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கொண்டே மறுபடி தோட்டா செய்யலாம் என்று தெரிந்ததும் காரேஜில் ஒரு மேஜை போட்டேன். இந்த வேலையில் முக்கியமான சாமான் டை. கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகுக் குழல், அவ்வளவுதான். சுட்டதில் உப்பிப்போன கூட்டுக்கு எண்ணெய் தடவி, கைப்பிடி வைத்த ஒரு பிரஸ்ஸால் அதற்குள் அழுத்தினால், பழைய அளவுக்கு இறுகி வெளியே வரும். என் மனைவி அதை முறுக்கு அச்சு என்பாள்.

அவளுக்கு அந்தக் காரேஜ் வேண்டியிருந்தது, பரதநாட்டிய வகுப்பு நடத்த. ஆறு பிள்ளைகள் சேரக் காத்திருந்தார்கள். மேஜை போகுமா இருக்குமா என்று மாதக்கணக்கில் பேசிவிட்டு, கடைசியில் அவளே ஒரு பந்தயம் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்ல இருபது ரவுண்டு சுடணும்ல? இருபதும் நீங்களே செஞ்சதா இருந்தா டேபிள் இருக்கட்டும். கடையில வாங்கினது ஒண்ணு உள்ள வந்தாலும் காரேஜ் எனக்கு."

ஒத்துக்கொண்டேன். கையில் நாற்பது கூடும் முழுசாக ஒரு வாரமும் இருந்தன.

அதற்கு முந்தைய வாரம்தான் ஆயுத பூஜை. அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை மெக்கானிக். ஒரு ஸ்பேனர் விடாமல் பொட்டு வைப்பார். நானும் ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய சந்தனத்தைக் குழைத்து கார், லேப்டாப், மிக்ஸி என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தேன். டைக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக, வாய் விளிம்பைச் சுற்றி மூன்று பொட்டு. மறுநாள் வெளிப்பக்கம் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை அழுத்திய முதல் கூட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல். அடுத்ததிலும் அதே கீறல். கையேட்டில் கோளாறுகளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. முதல் காரணம், கூட்டில் அழுக்கு. எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன். கீறல் போகவில்லை. இரண்டாவது, எண்ணெய் போதாது. அதிகம் தடவினேன். எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் கூட்டின் கழுத்துக்குக் கீழே தோள்போல் சரியும் இடத்தில் குழி விழுந்தது. மூன்றாவது, எண்ணெய் அதிகம். குறைத்தேன். நான்காவது, டையின் உட்புறத்தில் அழுக்கு. இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். போன வாரம் பூஜை போட்ட சாமானில் அழுக்கு எங்கிருந்து வரும்? அச்சில் வந்ததை நான் வாழ்க்கையில் நம்பாமல் போனது அந்த ஒரு வரியைத்தான்.

சனிக்கிழமை காலை உள்ளே போன கூடு வெளியே வரவில்லை. பிடியை இழுத்த இழுப்பில் அதன் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. கூட்டின் அடியில் துளை போட்டு, அதில் மரை வெட்டி, போல்ட் மாட்டித் திருகித் திருகி வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மனைவி கையில் காப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துக்கம் எதுவும் தெரியவில்லை. சும்மா டையை எடுத்தவள் மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, இதுல ஏன் கோயில் வாசம் வருது?"

காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றினாள். மஞ்சளாக வந்தது. காய்ந்த சந்தனம், தொட்டால் மணல் மாதிரி நறநறத்தது. நான் பஞ்சைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்தாள்.

"நான் வாயத் தொறந்திருக்கவே கூடாது," என்றாள்.

கரைப்பான் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்த பிறகு அடுத்த கூடு கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் வாரம் முழுக்க நான் கையேட்டைப் பின்பற்றியதில், கீறலும் குழியும் படாமல் மிஞ்சியவை பதினொன்றுதான். மேட்சில் அந்தப் பதினொன்றையும் கடையில் வாங்கிய ஒன்பதையும் சுட்டேன். வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். பதினொன்று பெரும்பான்மை அல்லவா என்றும் வாதாடிப் பார்த்தேன்.

"பந்தயம்னா பந்தயம். பாவமேன்னு ஒரு மூலை தரேன், எடுத்துக்கோங்க."

வெடிமருந்து டப்பாக்கள் பூட்டிய அலமாரிக்குப் போயின. மேஜை மூலைக்குப் போனது. அங்கே சுவரைப் பார்த்துத்தான் உட்கார முடியும், இந்த ஊரில் சேட்டை செய்த பிள்ளைகளைத் தண்டனையாக உட்கார வைப்பதுபோல. வகுப்பு நடக்கும்போது காலிக் கூடுகளைத் துடைக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. முதல் நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, சலங்கை கட்டிய ஓர் ஆறு வயதுக்காரி பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டாள்.

"அங்கிள், ஆர் யூ இன் டைம் அவுட்?"

ஆமாம் என்றேன்.