வளையம் பூட்டாத கூரை

சாரத்தின் மேல்தட்டிலிருந்து அக்கா உருட்டிவிட்ட மண்மூட்டை நிலத்தில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மண்டைதீவில் ஒரு மீன் களஞ்சியத்தின் தகரக் கூரையில் சூரியத் தகடுகள் பொருத்தப் போயிருந்தோம். அக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் அவர், எங்கள் குழுவின் மின்வேலைக்காரர். கடற்றொழில் செய்யும் வீட்டுப் பெண். இடுப்பில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றைக் கொழுவ, வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் தகரத்திலேயே ஒரு சின்னக் கொக்கியைத் திருகி வைத்திருந்தார்.

"இது ஆளைத் தாங்காது அண்ணை. கீழை இருக்கிற இரும்புச் சட்டத்திலை வளையம் பூட்ட வேணும்" என்றார் அக்கா.

"ரெண்டு நாள் வேலைக்கு இவ்வளவு ஆய்க்கினையோ? ஏறேலாட்டி வீட்டை போம்."

அக்கா வாதாடவில்லை. உரப்பையில் ஓர் ஆளின் பாரத்துக்கு மண் நிரப்பி, நாங்கள் நால்வரும் தூக்கிக் கொடுக்க, அதை அந்தக் கொக்கியில் கட்டித் தள்ளிவிட்டார். தகரம் கிழிந்தது. கொக்கியும் மூட்டையும் சேர்ந்தே கீழே வந்தன. சற்று முன்னர்தான் நான் ஏணியில் கால் வைத்திருந்தேன். அக்கா கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அந்த மூட்டையின் இடத்தில் நான் கிடந்திருப்பேன்.

களஞ்சிய முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கொந்தராத்துக்காரருக்கு முகம் கறுத்தது. "நாளைக்கு நீர் வர வேண்டாம்" என்றார்.

"வரேல்லை. ஆனா வளையம் பூட்டுமட்டும் இண்டைக்கு ஒருத்தரையும் ஏற விடமாட்டன்."

சொல்லிவிட்டு ஏணியின் முதற்படியில் ஏறி இருந்துவிட்டார். எனக்கு வீட்டு நினைவு வந்தது, வேலை போய்விடும் என்ற பயம் வந்தது. கொஞ்சம் பிந்தித்தான் போய் அவருக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தேன். மற்ற மூவரும் வந்தார்கள். வேறு வழியில்லாமல் கொந்தராத்துக்காரர் ஆள் அனுப்ப, மத்தியானத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வளையங்களும் போல்ற்றுகளும் வந்தன. அவற்றை இரும்புச் சட்டத்தில் பூட்டியதும் ஒவ்வொன்றையும் தன் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, அக்கா பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் பலமாக அடித்த சோளகக் காற்று, கையிலிருந்த தகட்டோடு சேர்த்து என்னையும் தள்ளியது. கூரை விளிம்பைத் தாண்டிக் கால்கள் அந்தரத்தில் ஆடின. கயிறு இறுகியது. வளையம் அசையவில்லை. கீழே இறங்கி அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அக்கா, நான் விழுந்தனான்."

"எங்கை நிண்டு கதைக்கிறீர்?"

"ஏணியடியிலை."

"அப்ப வளையம் பிடிச்சிருக்கு." குரல் உடைந்தது, உடனே நிமிர்ந்தது. "மன்னிப்புக் கேட்டா வேலை தாறாராம் எண்டு உங்கடை ஆள் சொல்லி அனுப்பினவர். கேட்கமாட்டன் எண்டு சொல்லும்."

சொன்னேன். அக்கா இல்லாவிட்டால் நானும் ஏறமாட்டேன் என்று என் சொந்தக் கணக்கிலும் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். அவர் அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை. நாங்கள் நால்வரும் அன்றே வேலையை விட்டு இறங்கிப் போனோம்.

இப்போது ஐந்து பேரும் சேர்ந்து சொந்தமாகக் கூரை வேலை எடுக்கிறோம். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு வரைக்கும் போகிறோம். வீட்டுக்காரரிடம் அக்கா கேட்கும் முதற் கேள்வி, வளையம் பூட்டக் கூரையில் துளை போட விடுவீர்களா என்பது. மாட்டோம் என்றவர்களின் முற்றத்திலிருந்து ஏணியைத் திரும்பவும் தோளில் தூக்கிக்கொண்டு, எத்தனையோ தரம் வேலை கிடைக்காமல் படகேறியிருக்கிறோம். ஐந்து பேராகத்தான்.