பஞ்சுக்கு அடியில் கிடந்த ஊசி

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் தாதியாக இருந்த காலம் அது. கொழும்பில் குண்டு வெடித்தால் இங்கும் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி முளைத்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரி நான், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பாடசாலை விடுதியிலேயே தங்கியிருந்த ஒரு அக்காதான் எனக்கு உதவி. அவர் இப்போது உயிரோடு இல்லை.

தடுப்பூசி போடும் நாளில் பிள்ளைகளின் வரிசை விறாந்தை வரை நிற்கும். போட்டு முடித்த ஊசியை அப்போதைக்கப்போதே தகரப் பெட்டிக்குள் போட வேண்டும். அதற்கு நேரமேது என்று நான் தட்டிலேயே போட்டுக்கொண்டு போவேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. அன்று தட்டில் கிடந்த பஞ்சை அள்ளப்போன அக்காவின் விரலில் ஒரு ஊசி ஆழமாக ஏறிவிட்டது.

சவர்க்காரம் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டேன். அடுத்துச் செய்ய வேண்டியதும் எனக்குத் தெரியும். பதிவுப் புத்தகத்தில் எழுதி, அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். புத்தகத்தைத் திறந்தேன்.

“மிஸ்ஸி, ஆஸ்பத்திரிக்குன்னா சாவடியத் தாண்டிப் போகணும். எனக்குத்தான் ஐடென்டிட்டி கார்ட் இல்லையே, பிடிச்சு உள்ள போட்டுருவாங்க,” என்றார் அக்கா.

“ஓம், அப்ப விடுங்கோ. சின்னக் குத்துத்தானே,” என்று புத்தகத்தை மூடினேன்.

நானும் கூடப் போயிருக்கலாம். பாடசாலை அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். கடிதம் கேட்டால், ஊசி ஏன் தட்டில் கிடந்தது என்று அவர் கேட்பார். அக்காவுக்காகப் பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயந்தது எனக்காக.

மூன்று மாதத்தில் அக்காவின் கண்கள் மஞ்சளாகின. இரத்தத்தால் தொற்றும் ஈரல் நோய் என்றார்கள். அது எந்தப் பிள்ளைக்குப் போட்ட ஊசி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் அம்புலன்ஸில்தான் அவர் அந்தச் சாவடியைத் தாண்டினார். அடையாள அட்டையை ஒருவரும் கேட்கவில்லை.

வார்ட்டில் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்து, குனியச் சொன்னார்.

“எப்பவாச்சும் ஊசி குத்துச்சான்னு டாக்டர் கேட்டாரு, மிஸ்ஸி. இல்லன்னுட்டேன். உங்களுக்கு ஒண்ணும் வராது, பயப்படாதீங்க.”

டாக்டர் இரண்டு கட்டில் தள்ளித்தான் நின்றார். போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.