புகைப்புரையில் ஒரு பேஸ் கிட்டார்

போன வாரம் என் புத்தம்புது பேஸ் கிட்டாரைக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் ஸ்டீபன். என் மனைவியின் தம்பி. குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் உலகத்துக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

இந்த வயதில் உனக்கெதற்கு, பாட்டுக்கு அடிச்சுரம் மட்டும் போடுகிற பேஸ் கிட்டார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துவது என் மனைவி ரோஸ்லின். ஞாயிறு பூசைக்கு இருவரும் ஒரே பைக்கில்தான் போவோம். வாசலைத் தாண்டியதும் அவள் பாடகர் குழுவுக்கு, நான் பின் பெஞ்சுக்கு. பிள்ளைகள் கூட இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் பெங்களூருக்குப் போன பிறகு, அந்த நீளப் பெஞ்சில் தனியாக உட்கார என்னவோ போலிருந்தது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அவள் பக்கத்தில் நிற்க ஆசையாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்ன?

அதனால் வேறு மாதிரி கேட்டேன். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஆன்றோ குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். "அந்த இடத்துல நான் வாசிக்கட்டா?"

ரோஸ்லின் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காலேஜ்ல கிட்டார் வாசிச்சேன்னு சொல்லுவிய. நான் கேட்டதில்ல. செரி... வெள்ளிக்கிழமை திருவிழாக் கொடியேத்து. புதன்கிழமை பிராக்டிஸ்ல ஒழுங்கா வாசிக்கலன்னா கீபோர்டுக்காரனையே சமாளிக்கச் சொல்லிருவேன். வீட்டு ஆளுன்னு பாக்க மாட்டேன்."

பார்க்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

கிட்டார் வந்தது. வாசனை பிடித்தமாதிரி ஸ்டீபனும் வந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பைக்கோ, மிக்சியோ, கட்டிலோ — புதிதாக எது வாங்கினாலும், கம்பெனிக்காரன் சரியாக முறுக்கியிருக்க மாட்டான் என்று நாங்களே தீர்ப்பு எழுதி, எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை முறுக்கிவிடுவோம். பெட்டிக்குள் எல் வடிவத்தில் குட்டிச் சாவி ஒன்று இருந்தது. ஸ்டீபன் அதை எடுத்துக்கொண்டு, கம்பிகள் போய் முடிகிற இடத்தில் இருந்த சின்னச் சின்ன ஸ்க்ரூக்களையெல்லாம் மூச்சைப் பிடித்து முறுக்கினான்.

"இனி ஒண்ணும் ஆடாது அத்தான்."

அவனுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, கிட்டாரை மடியில் வைத்துக் கம்பியை அழுத்தினேன். கம்பி கீழே போவேனா என்றது. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள உயரத்துக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயராம். என் கிட்டாரில் அது இருந்த இருப்புக்கு, நடுவே திருவட்டாறு பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போய்வரலாம். பேஸ் கம்பியும் லேசுப்பட்டதல்ல, துணி காயப்போடுகிற கம்பி மாதிரி தடிமன். இரண்டு நாளில் விரல் நுனியெல்லாம் வெந்துவிட்டது. மீன்குழம்பில் கை வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

"காரம் கூடிப்போச்சா?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஸ்டீபனுக்கு போன் போட்டேன். "பயப்படாண்டாம் அத்தான். மழைக்காலம் இல்லியா? தடி வெள்ளம் குடிச்சிருக்கும். குடிச்சா வளையும். இஞ்ச கொண்டு வாங்க, ஒணக்கித் தாறேன்." தடி என்றால் எங்களுக்கு மரம். வெள்ளம் என்றால் தண்ணீர். ஒணக்குவது என்றால் காயவைப்பது. அதை எங்கே செய்வான் என்று கேட்காமல் போனதுதான் என் தப்பு.

புகைப்புரை என்பது ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டுக் காயவைக்கும் அறை. அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"ஷீட்டே ஒணங்குது. இது ஒணங்காதா?" என்றான் ஸ்டீபன். அந்தப் பேச்சில் எங்கோ ஓட்டை இருந்தது. எங்கே என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை பிராக்டிஸ். புகைப்புரையிலிருந்து மீட்டு வந்த கிட்டாரின் பையைத் திறந்ததும் கீபோர்டுக்காரன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். பின்வரிசையில் யாரோ, "எவம்லே ரப்பர் ஷீட்டை உள்ள கொண்டு வந்தது?" என்று கேட்டார்கள். கம்பியின் உயரமோ இம்மியும் குறையவில்லை. முன்பு உயரம் மட்டும் இருந்தது, இப்போது நாற்றமும் சேர்ந்துகொண்டது. முதல் பாட்டு முடியுமுன் விரல் என்னைக் கைவிட்டுவிட்டது.

ரோஸ்லின் பாட்டை நிறுத்தினாள். கீபோர்டுக்காரனிடம், "மக்கா, பேஸையும் இடது கையால சேத்துக்கிடு" என்றாள்.

எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் ஒட்டியதில்லை. திட்டாமல் சொன்ன இது வலித்தது.

மறுநாள் சாயங்காலம் குவைத்துக்கு வீடியோ கால் போட்டேன். கிட்டாரை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று ஆன்றோவிடம் கேட்கத்தான். திருவிழாவுக்கு வந்திருந்த ஸ்டீபன் பின்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"விக்கிறது இருக்கட்டும் சார். கம்பி முடியுற எடத்தக் காட்டுங்க" என்றான் ஆன்றோ. காட்டினேன். "அந்தக் குட்டி ஸ்க்ரூவ யாராவது தொட்டியளா?"

"எல்லாம் நல்லா முறுக்கித்தான் குடுத்திருக்கேன்" என்றான் ஸ்டீபன், பெருமையாக.

குவைத்தில் ஆன்றோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சார்... அத வலப்பக்கம் முறுக்குனா கம்பி ஏறும். இடப்பக்கம் இளக்குனா எறங்கும். அவ்வளவுதான்."

"இளக்கவா? புதுச் சாதனத்தையா?" ஸ்டீபனுக்கு முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது.

அவனை மட்டும் சொல்லி என்ன பயன்? நம் ஆட்களுக்குப் பாசம் என்றாலே இறுக்குவதுதானே. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனால் வேளைக்கொரு போன். மருமகள் வந்தால் நாளுக்கொரு புத்திமதி. எதிலாவது கோளாறு என்றால் இன்னும் ஒரு முறுக்கு. "கொஞ்சம் இளக்கித்தான் பாரேன்" என்று யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

சரி, இளக்கலாம். சாவி எங்கே? வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் ரோஸ்லின் அடுக்களையிலிருந்து வந்தாள். "இதையா தேடுறிய? கேஸ் அடுப்பு ஓட்டையில அடைப்பு எடுக்க வச்சிருந்தேன்."

கொடுத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் விரல் நுனிகளைப் பார்த்தாள். "காரம்னு சொன்னிய?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நீங்க கம்பியத் தட்டுங்க. நான் திருப்புறேன்."

நான் தட்டத் தட்ட அவள் இடப்பக்கம் திருப்பினாள். கம்பி இறங்கியது. இன்னும் திருப்பினாள். கட்டையில் உரசிக் கிர்ர் என்றது. "சளி பிடிச்சவன் பாடுற மாதிரி இருக்கு" என்று துளி ஏற்றினாள். பாட்டுக்காரியின் காது. நாலு கம்பியும் முடிந்ததும் அழுத்திப் பார்த்தேன். வைத்த இடத்தில் சுரம் பேசியது. பழகிய பாட்டுகளை அவள் மெதுவாகப் பாட, நான் கூடவே வாசித்தேன். இடையில் நாலைந்து இடத்தில் திருத்தினாள்.

"நாளைக்கு எல்லாரும் வெள்ளைச் சட்டை. மறந்திராதிய" என்று எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை கொடி ஏறியது. பூசை தொடங்கியது. நான் வெள்ளைச் சட்டையில் தயார். ஆனால் ஸ்பீக்கர் இருந்தது தூணுக்குப் பின்னால். என் ஒயரோ குட்டை. அவள் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டவன், தூணின் பக்கத்தில் நின்றேன். அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும் எப்போதாவது தெரிந்தது.

பூசை முடிந்ததும் எல்லோரும் பாட்டைப் பாராட்டினார்கள். கீபோர்டைப் பாராட்டினார்கள். என்னிடம் ஒருவர், "உங்களக் காணலியே, பின் பெஞ்சுல இல்லியா?" என்று விசாரித்தார். ஸ்டீபன் என் தோளில் கை வைத்தான். "சத்தமே கேக்கல அத்தான். முறுக்கினபடி விட்டிருந்தா கேட்டிருக்கும்."

பைக்கில் வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழி வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கடைசிப் பாட்டு ரெண்டாவது சரணத்துல ஒரு எடம் விட்டுட்டிய. விரல் வலிச்சுதா?"

ஊரில் யாருக்கும் கேட்காதது, தூணுக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கு நீளமான ஒயர் ஒன்று வாங்கிவிட்டேன். ஸ்டீபனிடம் சொல்லவில்லை.